லினக்ஸ் டிரைவர் ஃபர்ம்வேரை எப்போது கேட்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று லாகில் ஒரு வரி வந்து, வைஃபையோ திரையோ வேலை செய்யாமல் போனவர்களுக்காகவும், டிரைவர் எழுத உட்கார்ந்து "இந்த ஃபங்ஷனை எங்கே கூப்பிடுவது" என்று முழிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்வியைத்தான், அதனால் பதில்களைப் பிரிக்கவில்லை.

ஃபர்ம்வேர் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? பயாஸா?

பயாஸ், யுஇஎஃப்ஐ எல்லாம் வேறு. வைஃபை சிப், கிராபிக்ஸ் சிப், டிவி ட்யூனர் போன்றவற்றுக்குள் ஒரு குட்டி புராசஸர் இருக்கும். அதில் ஓட வேண்டிய நிரலை சிப்பிலேயே ஃபிளாஷில் எழுதி வைக்கலாம், ஆனால் ஃபிளாஷுக்குக் காசு ஆகும், பின்னால் பிழை திருத்துவதும் தொல்லை. எனவே பல தயாரிப்பாளர்கள் வெறும் ராம் மட்டும் வைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் டிரைவரே நிரலைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் டிரைவர் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர்() என்ற ஃபங்ஷனைக் கோப்பின் பெயரோடு கூப்பிடும், கெர்னல் /லிப்/ஃபர்ம்வேர் அடைவுக்குள் தேடி, படித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். தொல்லை முழுவதும் அந்தக் கூப்பாடு எந்த நேரத்தில் நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எப்போது கேட்கலாம்?

சாதனம் இன்னது, அதனால் இன்னின்ன செய்ய முடியும் என்று கெர்னலிடம் பதிவு செய்ய ஃபர்ம்வேர் தேவையில்லை என்றால், யாராவது அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தத் திறக்கும்வரை (ஓபன் செய்யும்வரை) கேட்காதீர்கள். ஃபர்ம்வேர் இல்லாமல் சாதனம் வாயையே திறக்காது என்றால் ப்ரோப்பில் (சாதனத்தைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் டிரைவரின் ஃபங்ஷன்) கேளுங்கள், ஆனால் பூட் உங்களுக்காகக் காத்து நிற்காதபடி கேளுங்கள். மாட்யூல் இனிட் ஃபங்ஷனில் (டிரைவர் மாட்யூல் ஏறியதும் முதலில் ஓடுவது) நேரடியாகக் கேட்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

மாட்யூல் இனிட்டில் கேட்டால் என்ன குற்றம்?

இனிட் ஓடும்போது அந்தச் சாதனம் கணினியில் இருக்கிறதா என்பதே தெரியாது. இல்லாத சாதனத்துக்கு எதற்குக் கோப்பு? அப்புறம், சாதனம் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு ரிவிஷனாக இருந்தால், எந்தக் கோப்பைக் கேட்பீர்கள்? இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு: சாதனம் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தால், டிரைவர் பதிவானவுடனேயே ப்ரோப்பும் அந்த இனிட்டுக்குள்ளேயே ஓடிவிடுகிறது. அதாவது "நான் இனிட்டில் கேட்கவில்லை, ப்ரோப்பில்தான் கேட்கிறேன்" என்று சொன்னாலும், சாதாரண டிரைவரில் மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை அந்த ப்ரோப் முடியும்வரை திரும்பி வராது. 2012 சண்டையே இதிலிருந்துதான் கிளம்பியது.

அது என்ன 2012 சண்டை?

அந்தக் காலத்தில் கெர்னல் தானே கோப்பைப் படிக்காது. டிரைவர் கேட்டதும் கெர்னல் யூசர்ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) ஒரு நிகழ்வை அனுப்பும், சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரல் அதைப் பார்த்துக் கோப்பை எடுத்து சிஸ்எஃப்எஸ் (/சிஸ் அடைவில் தெரியும் கெர்னலின் கோப்புகள்) வழியாக உள்ளே தள்ளும். 182ஆம் பதிப்பு வாக்கில் யுடெவ் கொஞ்சம் கறாரானது. ஒரு சாதனத்தின் நிகழ்வு முடியாமல் அதன் பிள்ளை நிகழ்வைக் கையாள மாட்டேன் என்றது. இப்போது வரிசையாகப் பாருங்கள்: யுடெவ் சாதனத்தைக் கண்டு மாட்யூலை ஏற்றுகிறது, மாட்யூலின் இனிட்டுக்குள் ப்ரோப் ஓடுகிறது, ப்ரோப் ஃபர்ம்வேர் கேட்டு உட்கார்ந்துவிடுகிறது, அந்தக் கோரிக்கையைக் கையாள வேண்டிய யுடெவோ மாட்யூல் ஏற்றுவது முடியட்டும் என்று காத்திருக்கிறது. "நீ முதலில் வா", "இல்லை நீ முதலில் வா" என்று இருவரும் வாசலில் நிற்கிற கதை. டைம்அவுட் ஆகும்வரை பூட் அப்படியே நிற்கும்.

யுடெவ் தரப்பு, டிரைவர்கள் ப்ரோப்பில் காத்திருப்பதே தவறு என்றது. கெர்னல் தரப்பு, நேற்றுவரை ஓடியதை உடைத்தது நீங்கள்தான் என்றது. என்னைக் கேட்டால் இரண்டுமே சரிதான். நடந்ததும் இரண்டும்தான். பி43 போன்ற வைஃபை டிரைவர்களில் ஃபர்ம்வேர் ஏற்றுவதை ப்ரோப்பிலிருந்து வெளியே எடுத்து வொர்க்யூவில் (பின்னணி வேலை வரிசை) போட்டார்கள். இன்னொரு பக்கம், கெர்னலே நேரடியாக ஃபைல்சிஸ்டத்திலிருந்து படிக்கும்படி லினஸ் டோர்வால்ட்ஸ் மாற்றினார், அது 2012 டிசம்பரில் வந்த 3.7இல் சேர்ந்தது. 2014இல், யுடெவையும் உள்ளடக்கிய சிஸ்டம்டியின் 217ஆம் பதிப்பு வந்தபோது யுடெவிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்றும் வேலையே நீக்கப்பட்டது.

அப்படியானால் இன்று ப்ரோப்பில் காத்திருப்பதில் தப்பில்லையே?

முட்டுக்கட்டை போய்விட்டது, தாமதம் போகவில்லை. கோப்பைப் படிப்பது பெரும்பாலும் சில மில்லிசெகண்ட்தான், அதைச் சிப்புக்குள் தள்ளி, சிப் எழுந்து "நான் தயார்" என்று சொல்லும்வரை காத்திருப்பதில்தான் நேரம் போகும். சில சர்வர் நெட்வொர்க் கார்டுகளின் டிரைவர்கள் ப்ரோப்பிலேயே கார்டின் ஃபிளாஷைப் புதுப்பிக்கவும் செய்யும். 2014 வாக்கில் யுடெவ் 30 நொடிக்கு மேல் இழுத்த தன் துணைப் புராசஸ்களைக் கொல்லும் வழக்கம் வைத்திருந்தது, அதில் இப்படிப்பட்ட டிரைவர்கள் மாட்டிக்கொண்டன. இப்போது அந்த வரம்பு 180 நொடி. கெர்னல் பக்கம் 4.2இல் அசின்க் ப்ரோப் வந்தது: டிரைவரில் ஒரு கொடியை வைத்தால் ப்ரோப் தனி இழையில் ஓடும், மற்றவை முன்னே போகும். மெதுவான சாதனம் என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் சாதனங்கள் எழும் வரிசை மாறும் என்பதையும் மறக்காதீர்கள். எத்0, எஸ்டிஏ என்ற பெயர்களை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

நோவெயிட் வகை இருக்கிறதே, அதைப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

இது நான் அதிகம் பார்க்கும் தவறான நம்பிக்கை. ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர்_நோவெயிட்() என்றால் "கோப்பு வரும்வரை பின்னணியில் காத்திருக்கும்" என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. டிரைவரைக் காக்க வைக்காது, அவ்வளவுதான். வேலையை ஒரு வொர்க்யூவில் போட்டுவிட்டு உடனே திரும்பும். அந்த வொர்க்யூ சிறிது நேரத்திலேயே கோப்பைத் தேடும், அந்தக் கணத்தில் இல்லை என்றால் -2 (கோப்பு இல்லை என்ற பிழை எண்) தான், மறுபடி முயற்சி கிடையாது, கால்பேக்குக்கு (வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் டிரைவரின் ஃபங்ஷன்) வெறும் நல் பாயின்டர் வரும். ரூட் ஃபைல்சிஸ்டம் (/லிப் முதலியவை இருக்கும் முதன்மைக் கோப்பு அமைப்பு) மவுன்ட் ஆக இன்னும் இரண்டு நொடி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கெர்னலில் யூசர்ஹெல்பர் ஃபால்பேக் என்று ஒரு பழைய அமைப்பு இன்னும் உண்டு. அதை எப்போதும் இயங்கும்படி கட்டிய கெர்னலில் கோப்பு கிடைக்காவிட்டால் யூசர்ஸ்பேஸ் கொடுக்கும் என்று இயல்பாக 60 நொடி காத்திருக்கும். கொடுக்க அங்கே யாரும் இல்லாததால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நிமிடம் வீண். பூட் சரியாக 60 நொடி அல்லது அதன் மடங்கில் தாமதமானால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஓபன் வரை தள்ளிப்போடலாம் என்றீர்களே, நடைமுறையில் யார் செய்கிறார்கள்?

வீட்டுக் கணினிகளில் சர்வசாதாரணமாக இருக்கும் ரியல்டெக் ஈதர்நெட்டுக்கான ஆர்8169 டிரைவர். ப்ரோப்பில் கார்டை அடையாளம் கண்டு, மேக் முகவரியைப் படித்து, நெட்வொர்க் இடைமுகத்தைப் பதிவு செய்துவிடுகிறது. ஃபர்ம்வேரை, இடைமுகத்தை மேலே கொண்டுவரும்போதுதான் கேட்கிறது. வழக்கமாக அதற்குள் ரூட் ஃபைல்சிஸ்டம் வந்திருக்கும். கிடைக்காவிட்டாலும் லாகில் ஒரு வரி போட்டுவிட்டுத் தொடர்கிறது, ஏனென்றால் அந்தக் கோப்பில் இருப்பது ஃபிசிக்கல் லேயருக்கான திருத்தங்கள், பெரும்பாலும் அவை இல்லாமலும் லிங்க் வரும். எனக்குப் பிடித்த மாதிரி இது: தேவைப்படும்போது கேள், கிடைக்காவிட்டால் முடிந்ததைச் செய்.

பிறகு வைஃபை டிரைவர்கள் மட்டும் ஏன் ப்ரோப்பிலேயே கேட்கின்றன?

வேறு வழியில்லை. எந்தெந்த அலைவரிசை, எத்தனை ஆன்டெனா, என்னென்ன வசதி என்பதையெல்லாம் ஃபர்ம்வேர் ஓடினால்தான் பல சிப்கள் சொல்லும். அது தெரியாமல் வயர்லெஸ் அடுக்கில் பதிவு செய்ய முடியாது, பதிவு செய்யாமல் இடைமுகம் இல்லை, இடைமுகம் இல்லாமல் யாரும் ஓபன் செய்ய முடியாது. இன்டெலின் ஐடபிள்யுஎல்வைஃபை இதைக் கையாளும் விதம் பார்க்க வேண்டியது. ப்ரோப்பில் நோவெயிட் கோரிக்கை போட்டுவிட்டுத் திரும்பிவிடும். கோப்பு வந்ததும்தான் அதற்கேற்ற அடுத்த மாட்யூலை ஏற்றிப் பதிவு செய்யும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் டிரைவரைச் சாதனத்திலிருந்து கழற்றிவிடும்.

டிவி ட்யூனர்கள் இன்னொரு ரகம். சில யுஎஸ்பி ட்யூனர்கள் செருகியதும் "குளிர்" நிலையில் ஒரு அடையாள எண்ணோடு வரும், டிரைவர் ஃபர்ம்வேரைத் தள்ளியதும் தானே துண்டித்துக்கொண்டு "சூடான" நிலையில் வேறு எண்ணோடு திரும்பி வரும். டிரைவரின் பார்வையில் அது புதுச் சாதனம். அங்கே ஓபன் வரை தள்ளிப்போடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே கட்டினேன், மாட்யூலாக இருந்தபோது ஓடியது இப்போது -2 வருகிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது!

இப்போது இருக்கிறது. டிரைவர் கேட்டபோது இல்லை. உள்ளே கட்டிய டிரைவர்களின் ப்ரோப், ரூட் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆவதற்கு முன்பே ஓடிவிடும். அசின்க் ப்ரோப் போட்டாலும் தப்ப முடியாது, ரூட்டை மவுன்ட் செய்யும் முன் நடந்துகொண்டிருக்கும் ப்ரோப்கள் எல்லாம் முடியட்டும் என்று கெர்னல் நின்று பார்க்கும்.

நானே ஒரு சின்ன போர்டில் இதில் இரண்டு இரவைத் தொலைத்தேன். தயாரிப்பாளர் கொடுத்த கெர்னல் அமைப்பில் வைஃபை டிரைவர் உள்ளே கட்டப்பட்டிருந்தது, கோப்பின் பெயர், அனுமதி, ஹாஷ் எல்லாவற்றையும் நூறு முறை சரிபார்த்தேன், லாகில் இடப்பக்கம் இருக்கும் நேரத்தை மட்டும் பார்க்கவில்லை. ஃபர்ம்வேர் வரி 1.9ஆவது நொடியில், ரூட் மவுன்ட் 2.6இல். அதைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

வழிகள்: டிரைவரை மாட்யூலாக மாற்றுவது எல்லாவற்றிலும் எளிது. இல்லையென்றால் கோப்பை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் விரியும் தற்காலிக ரூட்) போடுங்கள். அது உள்ளே கட்டிய டிரைவர்களுக்கும் கிடைக்கும். 5.13 முதல் இனிட்ராம்எஃப்எஸ் பின்னணியில் விரிக்கப்படுகிறது, ஆனாலும் ஃபர்ம்வேர் தேடும் நிரல் விரிப்பது முடியும்வரை பொறுத்திருந்துதான் தேடும், பயப்பட வேண்டாம். இனிட்ராம்எஃப்எஸ்ஸே இல்லாத போர்டு என்றால் கான்ஃபிக்_எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர் மூலம் கோப்பைக் கெர்னல் பிம்பத்திலேயே சேர்க்கலாம். உங்கள் சொந்தக் கணினிக்கு என்றால் கவலையில்லை. அந்தப் பிம்பத்தைப் பிறருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், ஜிபிஎல் உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைக் கெர்னலோடு ஒட்டி விநியோகிக்கலாமா என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், அமைப்பின் உதவிக் குறிப்பே அந்த எச்சரிக்கையைச் சொல்கிறது.

ரூட் மவுன்ட் ஆனதும் கெர்னலே டிரைவர்களுக்குச் சொல்லக் கூடாதா?

பலருக்கும் தோன்றும் யோசனைதான். சிக்கல், எது "உண்மையான" ரூட் என்று கெர்னலுக்குத் தெரியாது. இனிட்ராம்எஃப்எஸ் ஒரு ரூட், அதற்குப் பின் பிவட் செய்து (ரூட்டை மாற்றி) வேறொன்று, /லிப் வேறு பார்ட்டிஷனில் இருந்தால் அதற்கும் பின். எல்லாம் மவுன்ட் ஆகிவிட்டது என்பதை யூசர்ஸ்பேஸ் மட்டுமே சொல்ல முடியும். அதனால் நடைமுறையில் சிலர் பூட் முடிந்ததும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள பைன்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதி மறுபடி ப்ரோப் செய்ய வைக்கிறார்கள். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

கோப்பு இல்லையென்றால் -இப்ரோப்_டிஃபர் திருப்பினால்?

வேண்டாம். அது "பிறகு மறுபடி முயல்" என்று கெர்னலிடம் சொல்லும் பிழை எண், இன்னொரு டிரைவருக்காகக் காத்திருப்பதற்கானது. வேறு ஏதாவது சாதனம் வெற்றிகரமாக ப்ரோப் ஆனால்தான் உங்களுடையது மறுபடி முயலப்படும். உங்கள் மேசையில் தற்செயலாக ஓடும், வாடிக்கையாளரிடம் ஓடாது.

இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிக்கும்போது "இந்த மாட்யூலுக்கு ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம்" என்று நீளமாக எச்சரிக்கிறதே?

டெபியன், உபுண்டு ஆட்களுக்கு நன்கு பழக்கமான வரிகள். டிரைவருக்குள் மாட்யூல்_ஃபர்ம்வேர்() என்ற குறிப்பில் எந்தெந்தக் கோப்புகள் தேவைப்படலாம் என்று எழுதியிருக்கும், இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் கருவிகள் அதைப் படித்துத்தான் கோப்புகளைச் சேர்க்கின்றன. இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 போன்ற டிரைவர் பத்துத் தலைமுறை சிப்களின் பெயரையும் சொல்லும், உங்களிடம் இருப்பது ஒன்றுதான். உங்கள் சிப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டிரைவர் எழுதுபவர்களுக்கு: இந்தக் குறிப்பை எழுத மறந்தால், கருவிக்கு உங்கள் கோப்பு தேவை என்றே தெரியாது.

லாகில் -2 வருகிறது, ஆனால் எல்லாம் ஓடுகிறது. கவலைப்படலாமா?

பெரும்பாலும் வேண்டாம். -2 என்றால் கோப்பு இல்லை, அவ்வளவே. ஐடபிள்யுஎல்வைஃபை தனக்குத் தெரிந்த மிகப் புதிய பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும், வழியில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடும், கடைசியில் ஒன்று ஏறிவிட்டால் முடிந்தது. அதே டிரைவர் தேடும் யோயோ என்ற பெயர் கொண்ட கோப்பு டீபக்குக்கானது, உங்களிடம் இருக்கவே வேண்டாம்.

கோப்பு இருந்தும் -2 வந்தால், முனையில் .எக்ஸ்இசட் அல்லது .இசட்எஸ்டி இருக்கிறதா பாருங்கள். சுருக்கிய கோப்புகளைப் படிப்பது 5.3இலும் 5.19இலும் முறையே வந்தது. அதுவும் கெர்னல் அமைப்பில் இயக்கியிருந்தால்தான். கோப்பை வேறு அடைவில் வைத்துச் சோதிக்க ஃபர்ம்வேர்_கிளாஸ் பாத் அளவுருவில் அடைவை எழுதும்போது எக்கோவுக்கு -என் கொடுங்கள், இல்லையென்றால் வரிமுறிவும் அடைவுப் பெயரில் சேர்ந்துவிடும்.

கிராபிக்ஸ் டிரைவர் ஏன் இவ்வளவு கெடுபிடி?

அது பூட்டின் மிக ஆரம்பத்திலேயே, டிஸ்க் கடவுச்சொல் கேட்கும் திரைக்காக, இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே ஏற்றப்படுகிறது. மாட்யூல் உள்ளே போய் ஃபர்ம்வேர் வெளியே நின்றுவிட்டால் முதல் முயற்சி தோற்கும், ரூட் வந்தபின் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஐ915இல் டிஎம்சி என்ற, மின்சேமிப்புக்கான கோப்பு இல்லையென்றால் திரை வரும், மின்சேமிப்பு மட்டும் போய்விடும், லேப்டாப்பின் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் இருப்பார்கள். ஏஎம்டி கிராபிக்ஸுக்கான ஏஎம்டிஜிபியு அவ்வளவு பொறுமைசாலி இல்லை, ஃபர்ம்வேர் இல்லாமல் ப்ரோப்பே தோற்கும். பழைய பதிப்புகளில் அது யுஇஎஃப்ஐ கொடுத்த திரையைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் கோப்பைத் தேடியது, எனவே கோப்பு இல்லாத கணினியில் மிஞ்சியது கறுப்புத் திரை. 2023 தொடக்கத்தில் இதை மாற்றி, முதலில் கோப்பு இருக்கிறதா என்று பார், பிறகு திரையைத் தொடு என்று ஆக்கினார்கள். ப்ரோப்பில் கேட்டே ஆக வேண்டிய எந்த டிரைவருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்: இருப்பதைக் கலைப்பதற்கு முன் வேண்டியது கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சஸ்பெண்டிலிருந்து எழும்போது?

எழும் பாதையில் டிஸ்க் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம், யூசர்ஸ்பேஸ் உறைந்திருக்கும். அதற்காக 3.7 முதலே ஒரு கேஷ் உண்டு: ஒரு சாதனம் முன்பு கேட்ட கோப்புகளைத் தூங்கப்போகும் முன் கெர்னல் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும், எழுந்து சுமார் 10 நொடிக்குப் பின் விட்டுவிடும். ஆனால் முன்பு ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ரெஸ்யூமில் கேட்கும் டிரைவருக்கு அது உதவாது.

நோவெயிட் போட்டபின் சாதனத்தைப் பிடுங்கினால்?

கால்பேக் முடியும்வரை மாட்யூல் நீங்காமல் கெர்னல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் அதற்குள் ஓடி, கால்பேக் தொடப்போகும் நினைவகத்தை விடுவித்துவிட்டால் அது உங்கள் பிழை. ஒரு கம்ப்ளீஷன் (வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் கெர்னல் கருவி) வைத்து ரிமூவில் காத்திருங்கள்.

ரீபூட் செய்தால் ஓடுகிறது, அணைத்துவிட்டுப் போட்டால் ஓடவில்லை. பேயா?

சில சிப்கள் சூடான ரீபூட்டில் கரண்ட் இழப்பதில்லை, உள்ளே போன ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். இரட்டை பூட் கணினியில் விண்டோஸ் ஏற்றிய ஃபர்ம்வேரே லினக்ஸுக்கும் உதவிவிடும். அதனால் கோப்பு இல்லாத குறை பல நாள் வெளியே தெரியாது. ஃபர்ம்வேர் சம்பந்தமாக எதை மாற்றினாலும் ரீபூட் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மேசைக் கணினியை ஷட்டவுன் செய்து, பின்னால் இருக்கும் கேபிளைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி முழுக்க அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.